தூண்டில் குண்டை வீட்டிலேயே வார்ப்பது எப்படி: வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுபவர்களுக்குத் தெரியும், மீன் வருகிறதோ இல்லையோ, தூண்டிலை அடியில் இறக்கும் உலோகக் குண்டு போகும். அடியில் கிடக்கும் பாறையிலும் பழைய தூண்டில் நரம்பிலும் சிக்கி அறுந்து, ஒரே மாலையில் நாலைந்து போய்விடும். கடையில் வாங்கி வாங்கிச் சலித்தவர்கள் ஒரு கட்டத்தில் "நாமே உருக்கி ஊற்றிக்கொண்டால் என்ன?" என்று யோசிப்பார்கள். ஊற்றலாம். ஒரு கிலோ உலோகம், ஓர் அச்சு, ஒரு மின்தட்டு அடுப்பு இருந்தால் சனிக்கிழமைக் காலையில் முப்பது குண்டு வார்த்துவிடலாம். காசு மிச்சமாகும் என்று மட்டும் எண்ண வேண்டாம். நாம் விரும்பும் எடையும் வடிவமும் கிடைக்கும் என்பதே இதில் உள்ள லாபம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். உலோக வார்ப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பாதி, அமெரிக்கர்கள் துப்பாக்கித் தோட்டா வார்ப்பதைக் காட்டுபவை. அவற்றில் சொல்லப்படும் வெப்பநிலை, கசடு எடுப்பது, அச்சைச் சூடாக்குவது எல்லாம் நமக்கும் பயன்படும். ஆனால் அந்த அச்சுகளை ஆசைக்குக்கூட வரவழைக்க வேண்டாம். இங்கே 1973 ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. சிங்கப்பூரில் அது பொழுதுபோக்கு ஆகாது.

எந்த ஈயம்?

தமிழில் "ஈயம்" என்று ஒரே சொல்லால் இரண்டு உலோகத்தைச் சொல்லிவிடுகிறோம். காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. கடையில் விற்கும் தூண்டில் குண்டு பெரும்பாலும் காரீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரசம் ஊற்றாமல் வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்குள் அடிப்பாகம் ஓடிப்போன கதை பல வீடுகளில் உண்டு. நாம் இங்கே வேண்டுமென்றே செய்யப்போவது அந்த விபத்தைத்தான்.

அடுக்குமாடி வீட்டுக்குள் காரீயம் உருக்கக் கூடாது. உருகும் வெப்பத்தில் அதன் ஆவி அதிகம் எழாது என்பது உண்மைதான். ஆபத்து மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசட்டில் இருக்கிறது. மாவு போன்ற அந்தத் தூள் தரை இடுக்கிலும் துணியிலும் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும். இந்த அளவு வரை காரீயம் பாதுகாப்பானது என்று சொல்ல எந்த அளவும் கிடையாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. பிரிட்டனில் 28.35 கிராம் வரையிலான காரீயத் தூண்டில் குண்டுகளின் விற்பனைக்கு 1987லேயே தடை வந்துவிட்டது. சமையலறையும் துணி காயப்போடும் இடமும் ஒன்றாக இருக்கும் வீட்டில் இதற்கு இடமில்லை.

மிஞ்சுவது இரண்டு. முதலாவது சுத்தமான வெள்ளீயம். விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு, ஆனால் வார்ப்பதற்கு இதைவிட நல்ல சுபாவம் உள்ள உலோகம் இல்லை. நுணுக்கமான கோட்டுக்குள்ளும் ஓடும், வார்த்தபின் வெள்ளிபோல மின்னும், வளையும், எளிதில் உடையாது. இரண்டாவது பிஸ்மத் கலவை: 58 பங்கு பிஸ்மத், 42 பங்கு வெள்ளீயம். இது 138 டிகிரியிலேயே உருகிவிடும். அடர்த்தியும் அதிகம். ஆனால் கண்ணாடிபோல நொறுங்கும். பாறையில் மோதினால் மூலை தெறிக்கும். புதிதாகத் தொடங்குபவர் வெள்ளீயத்தில் தொடங்குவதே நல்லது.

இந்த ஊருக்கு வெள்ளீயம் புதிதும் அல்ல. 1887இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம், மலாயாவின் தாதுவைப் பிரானித் தீவில் உருக்கி உலகத்துக்கு அனுப்பியது. பின்னாளில் அந்தத் தீவில் கொள்கலன் துறைமுகம் வந்தது.

பழைய உலோகத்தை நம்பும் முன்

புதிதாக வாங்கினால் 99.9 விழுக்காடு என்று குறிக்கப்பட்ட வெள்ளீயக் கட்டியாக வாங்குங்கள். பற்றவைக்கும் ஈயக்கம்பியை உருக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். மலிவுக் கம்பியில் 40 விழுக்காடு காரீயம் இருக்கலாம். காரீயம் இல்லாத கம்பியிலும் நடுவில் பிசின் இருக்கும், உருக்கினால் அறை முழுக்கப் புகை மண்டும். மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் கேட்டால் சில சமயம் பிசின் இல்லாத கட்டி கிடைக்கும். அதில் 96.5 வெள்ளீயம், 3 வெள்ளி, 0.5 செம்பு என்று எழுதியிருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

உடைந்த பியூட்டர் கோப்பை, சின்னச் சிலை கிடைத்தால்? புதியவற்றில் பெரும்பங்கு வெள்ளீயம்தான், பழையவற்றில் காரீயம் கலந்திருக்கலாம். மூன்று சோதனை செய்து பாருங்கள். மெல்லிய துண்டைக் காதருகே வைத்து வளைத்தால் சுத்தமான வெள்ளீயம் "கிறீச்" என்று மெலிதாக முனகும். உள்ளே படிகங்கள் சட்டென்று நிலை மாறும் சத்தம் அது. காரீயம் ஊமையாக வளையும். வெள்ளைத்தாளில் தேய்த்தால் காரீயம் பென்சில் கோடுபோல இழுக்கும். மூன்றாவதுதான் உறுதியான சோதனை: உருக்கி ஆறவிட்டு, வெப்பமானியைப் பாருங்கள். இறங்கிக்கொண்டே வரும் எண் ஓரிடத்தில் சற்று நேரம் அசையாமல் நிற்கும். 232இல் நின்றால் சுத்தமான வெள்ளீயம். 217க்கும் 220க்கும் நடுவே என்றால் வெள்ளி கலந்தது. 227 என்றால் செம்பு கலந்தது. 183இல் நின்றால் அதில் காரீயம் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை கார் சக்கரச் சமநிலை எடைகள் பற்றி. பழைய வழிகாட்டிகள் எல்லாம் அதைத்தான் உருக்கச் சொல்லும். இப்போது வருபவை பெரும்பாலும் இரும்பு அல்லது துத்தநாகம், பழையவை காரீயம். மூன்றும் நமக்கு வேண்டாதவை. துத்தநாகம் கொஞ்சம் கலந்தாலும் உலோகம் கஞ்சிபோலத் திரண்டு அச்சின் மூலைக்குப் போக மறுக்கும். துத்தநாக முலாம் பூசிய வாளி, டப்பாவில் உருக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

எடைக் கணக்கு

சந்தையில் உள்ள அலுமினிய அச்சுகள் காரீயத்துக்காகச் செய்தவை. அமெரிக்காவின் டூ-இட் நிறுவன அச்சில் 1 அவுன்ஸ் என்று பொறித்திருந்தால், காரீயம் ஊற்றினால்தான் அது 1 அவுன்ஸ், அதாவது 28.35 கிராம். அடர்த்தி (ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்பது) காரீயத்துக்கு 11.34, பிஸ்மத் கலவைக்கு சுமார் 8.6, வெள்ளீயத்துக்கு 7.29. ஆகவே அதே குழியில் வெள்ளீயம் சுமார் 18 கிராம்தான் வரும், பிஸ்மத் கலவை 21 கிராம் வரும். அச்சில் உள்ள எடையை 0.64ஆல் பெருக்குங்கள், வெள்ளீயத்தின் எடை கிடைக்கும். 28 கிராம் வெள்ளீயக் குண்டு வேண்டுமானால் ஒன்றரை அவுன்ஸ் அச்சு வாங்க வேண்டும். ஒரு கிலோ வெள்ளீயத்தில் அந்த அளவில் சுமார் 36 குண்டு வரும்.

அதே எடையில் வெள்ளீயம் உருவத்தில் பெரிதாக இருக்கும் என்பதால் நீரோட்டம் அதை அதிகம் தள்ளும். மிதப்பு விசையால் காரீயத்தைவிடக் கூடுதலாகக் குறைவது 28 கிராமுக்கு ஒன்றரை கிராம்கூட இல்லை, தொந்தரவு உருவத்தால்தான். மணல் அடியில் உருண்டைக் குண்டு உருண்டோடும், பிரமிடு வடிவம் மூலையை ஊன்றிக்கொண்டு நிற்கும். கடலுக்கு வார்ப்பவர்கள் முதல் அச்சாகப் பிரமிடையே வாங்கலாம். 3 அவுன்ஸுக்கு மேலான கனத்த குண்டுகளை வெள்ளீயத்தில் வார்ப்பது காசைக் கடலில் போடுவதற்குச் சமம்.

சாமான்கள்

சூடாக்க 1000 முதல் 1500 வாட் மின்தட்டு அடுப்பு. 230 வோல்ட், மூன்று முனைச் செருகி, பாதுகாப்பு முத்திரை உள்ளதாகப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் உருக்குப் பாத்திரங்கள் 120 வோல்ட்டுக்கானவை. நம் மின்சாரத்தில் செருகினால் ஏறக்குறைய மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி இழுத்து, கம்பி கருகிவிடும். எரிவாயுக் குப்பி போட்ட ஸ்டீம்போட் அடுப்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அகலமான சட்டியின் அடியிலிருந்து திரும்பும் வெப்பம் பக்கத்தில் இருக்கும் குப்பியைச் சுடவைக்கும்.

உருக்க, கனமான எவர்சில்வர் பால் பாத்திரம் போதும். மூக்கு வைத்ததாக இருந்தால் நல்லது, கைப்பிடி பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. ஊற்ற, 50 மில்லி அளவு எவர்சில்வர் கரண்டி. அதன் ஓரத்தைக் குறட்டால் சற்று நெளித்து மூக்கு செய்துகொள்ளலாம். தேக்காவில் பாத்திரக் கடைகளில் இரண்டும் கிடைக்கும். வாங்கிய அன்றே அவற்றில் பெயின்ட்டால் ஒரு குறி போட்டு வையுங்கள். பிறகு ஒருநாள் யாரோ அதில் பால் காய்ச்சிவிடக் கூடாது.

வெப்பமானி கட்டாயம் வேண்டும். கே-வகை வெப்ப இணைக் கம்பி (தெர்மோகப்பிள்) உள்ள எண்முறைக் கருவி, முனை எஃகு உறைக்குள் இருப்பதாக. துப்பாக்கிபோல நீட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இங்கே பொய் சொல்லும்: பளபளக்கும் உருகிய உலோகம் கண்ணாடிபோலக் கதிரைத் திருப்பிவிடுவதால், 280 டிகிரி இருக்கும்போது கருவி பாதியைக்கூடக் காட்டாது. அதை நம்பி அடுப்பைக் கூட்டினால் உலோகம் கருகும்.

மாட்டுத்தோல் வெல்டிங் கையுறை, முகம் முழுதும் மறைக்கும் கவசம், பருத்தியில் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும், மூடிய தோல் காலணி. ஜப்பான் செருப்பு வேண்டாம். செயற்கை இழை ஜெர்சியும் வேண்டாம், சுட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஈரம்தான் எதிரி

இந்தக் கைவேலையில் உயிருக்கு ஆபத்தான தவறு ஒன்றே ஒன்றுதான்: உருகிய உலோகத்துக்கு அடியில் நீர் போவது. ஒரு சொட்டு நீர் ஆவியானால் சுமார் 1700 மடங்கு விரியும். மேலே விழும் சொட்டு சிடுசிடுத்துப் போய்விடலாம். உலோகத்தின் அடியில் மாட்டிய சொட்டு, பாத்திரத்தில் உள்ளதையெல்லாம் முகத்துக்கு எறியும்.

வறண்ட நாட்டில் எழுதிய வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். நமக்கு அது போதாது. குளிர்சாதன அறையில் வைத்திருந்த அச்சைச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் சில நிமிடத்தில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படியும். வெள்ளீயக் கட்டியும் அப்படித்தான். ஆகவே உருகிய பாத்திரத்தில் புதுக்கட்டி சேர்ப்பதற்குமுன் அதை அடுப்புத் தட்டின் ஓரத்தில் ஐந்து நிமிடம் வைத்துச் சுடவைத்து, இடுக்கியால் மெல்ல இறக்க வேண்டும். கரண்டியும் வெப்பமானி முனையும் அதே மாதிரிதான்.

அடுத்தது வியர்வை. கவசத்துக்குள் குனிந்து நிற்கும்போது நெற்றியிலிருந்து சொட்டுவது நேராகப் பாத்திரத்தில்தான் விழும். நெற்றியில் துணிப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வீவக வீட்டுக்கே உரியது. சன்னலோரம் காற்றோட்டம் இருக்கிறதே என்று அடுப்பைக் கொண்டுபோய் அங்கே வைப்பார்கள். மேல்வீட்டுக்காரர் அப்போதுதான் ஈரத்துணியைக் கம்பில் கோத்து நீட்டுவார். சொட்டச் சொட்டத் தண்ணீர் உள்ளே தெறிக்கும். சன்னலிலிருந்து குறைந்தது இரண்டடி உள்ளே தள்ளி வேலை செய்யுங்கள். சன்னல் விளிம்பில் எதையும் ஆறவைக்காதீர்கள். பொதுத் தாழ்வாரம் இதற்கு இடமே இல்லை.

மேசைமேல் கனமான ஒட்டுப்பலகை விரித்து, அதன்மேல் தரை ஓடு இரண்டு வைத்து அடுப்பை நிறுத்துங்கள். வினைல் தரையாக இருந்தால் கீழேயும் பலகை வேண்டும். சுவரோரச் சன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி நின்றிருக்கட்டும். நேராக வீசும் காற்று அச்சின் ஒரு பக்கத்தை மட்டும் குளிரவைக்கும். பிள்ளைகளும் பூனையும் கதவுக்கு அப்பால். கோப்பிக் குவளையும் அப்படியே.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். தோலில் ஒட்டிய உலோகத்தைப் பிய்க்காதீர்கள், பற்பசை தடவாதீர்கள். கண், முகம், அல்லது உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றால் 995.

அச்சைப் பழக்குவது

புது அலுமினிய அச்சில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தால் பல்துலக்கி கொண்டு தேய்த்து, நன்றாக அலசி, துடைத்து, ஒருநாள் உலரவிடுங்கள். பிறகு குழிகளில் எரிவாயு லைட்டரின் மஞ்சள் சுடரைக் காட்டி மெல்லிய கரி படிய வைக்க வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் போதும், கன்னங்கரேல் என்று அப்பினால் குண்டில் புள்ளி விழும். இந்தக் கரி உலோகத்தை ஒட்டவிடாது, சூட்டையும் சற்றுப் பிடித்துவைக்கும். இரண்டு பாதியும் சேரும் தட்டையான முகத்தில் கரி படக் கூடாது, படிந்தால் துடைத்துவிடுங்கள். குழியிலிருந்து வெளியே ஓடும் முடிபோன்ற கோடுகள் காற்றுப் போக்கிகள். அவை அடைபடாமல் இருக்கட்டும்.

உருகும் நேரத்தில் அச்சை மூடி, அடுப்புத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வையுங்கள். 15 நிமிடத்தில் அது 120, 130 டிகிரிக்கு வரும். இதனால் ஈரமும் போகும், உலோகமும் பாதியில் உறையாது.

உருக்கி ஊற்றுவது

முதல்முறை அரை கிலோ போதும். பாத்திரத்தில் போட்டு, அடுப்பை முக்கால் அளவில் வையுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு அடியில் மெழுகுபோலச் சரிந்து, ஒரு வெள்ளிக் குட்டை தோன்றும். கடைசித் துண்டு கரையும்வரை வெப்பமானி 232ஐ விட்டு நகராது. நகராமல் நிற்கும் எண் 225 என்றோ 240 என்றோ இருந்தால், உலோகம் சுத்தமானது என்று தெரியும் பட்சத்தில், கருவிதான் தவறு. அந்த வித்தியாசத்தைக் குறித்துவைத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காசில்லாமல் கிடைக்கும் அளவுத் திருத்தம் இது.

எல்லாம் உருகியபின் 270 முதல் 290 வரை ஏற்றி, அடுப்பைக் குறைத்து அங்கேயே நிறுத்துங்கள். 300ஐத் தாண்டினால் மேற்பரப்பில் பொன்மஞ்சள், பிறகு நீலம் என்று நிறம் ஓடும். விலை கொடுத்து வாங்கிய உலோகம் கசடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிஸ்மத் கலவைக்கு 180 முதல் 200 போதும்.

மேலே உள்ள பாலாடைபோன்ற படலத்தைக் கரண்டியால் ஒரு பக்கமாக ஒதுக்கி எடுத்து, உலர்ந்த தகர டப்பாவில் போடுங்கள். மெழுகு போட்டுக் கசடு பிரிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அது புகையும், சில சமயம் தீப்பிடிக்கும். 2018 ஜூனுக்குப்பின் கட்டிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், மெழுகு போட்ட மறு நிமிடம் வீடே அலறும். சுத்தமான வெள்ளீயத்துக்கு அது தேவையும் இல்லை.

கரண்டியை உலோகத்திலேயே அரை நிமிடம் அமிழ்த்திச் சுடவையுங்கள். இல்லாவிட்டால் முதல் கரண்டி, கரண்டியிலேயே உறையும். முக்கால் கரண்டி எடுத்து, அச்சின் ஊற்றுவாய்க்கு அரை அங்குல உயரத்திலிருந்து, பென்சில் பருமனில், விடாமல் ஊற்றுங்கள். தயங்கி நிறுத்தி மறுபடி ஊற்றினால் நடுவில் மடிப்பு விழும். குழி நிறைந்தபின்னும் நிறுத்தாமல் ஊற்றுவாயில் ஒரு சின்னக் குளம் நிற்கும் வரை ஊற்ற வேண்டும். குண்டு உறையும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு வேண்டிய உலோகத்தை மேலே நிற்கும் குளம்தான் கொடுக்கும். அது இல்லாவிட்டால் குண்டின் தலையில் பள்ளம் விழும்.

குளத்தைக் கவனியுங்கள். கண்ணாடிபோல இருப்பது திடீரென்று மங்கி, சொரசொரப்பாகும். அந்த நொடியிலிருந்து பத்து வரை எண்ணித் திறக்கலாம். பெரிய குண்டுக்கு இருபது. திறந்து, மடித்துப் போட்ட பருத்தித் துண்டின்மேல் தட்டினால் விழும். மரப்பிடியால் கீலருகே லேசாகத் தட்டலாம். திருகாணி முனையால் நெம்பினால் அச்சு கீறும், கீறிய இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒட்டும்.

முதல் ஐந்தாறு குண்டும் சுருக்கம் விழுந்த கிழவி முகம்போல இருக்கும். அச்சு இன்னும் சூடேறவில்லை. வருத்தப்படாமல் பாத்திரத்தில் திரும்பப் போடுங்கள். அதன்பின் நிமிடத்துக்கு இரண்டு என்று ஒரு தாளம் கிடைக்கும். அந்தத் தாளத்தைக் கலைக்காதீர்கள். ஒவ்வொரு குண்டையும் கையில் எடுத்து ரசித்துக்கொண்டிருந்தால் அச்சு ஆறிவிடும். பார்ப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

குண்டைப் பார்த்தே கோளாறு சொல்வது

சுருக்கமும் மழுங்கிய மூலையும் குளிரால் வருபவை. உலோகத்தைச் சூடாக்குவதற்குமுன் அச்சைச் சூடாக்குங்கள், பத்தில் எட்டு முறை தப்பு அங்கேதான். மேற்பரப்பு உப்புப் பூத்ததுபோல வெளிறி, உறைய அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் அச்சு அதிகம் சூடு. மூடி, உலர்ந்த பலகைமேல் இரண்டு நிமிடம் வையுங்கள். அவசரப்பட்டு ஈரத்துணியில் வைக்காதீர்கள், தண்ணீரில் முக்கவே கூடாது.

குண்டைச் சுற்றி மெல்லிய இறக்கைபோலப் பிசிறு நீட்டியிருந்தால் அச்சின் இரு பாதியும் சரியாக மூடவில்லை. பெரும்பாலும் முந்தைய குண்டின் துணுக்கு ஒன்று இடையில் ஒட்டியிருக்கும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரே குழி மட்டும் எப்போதும் நிரம்பாமல் போனால் அதன் காற்றுப் போக்கி அடைத்திருக்கிறது. மெல்லிய ஊசியால் கோட்டைச் சுத்தம் செய்யுங்கள், ஆழப்படுத்த வேண்டாம். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை இருந்தால், ஊற்றியது மெதுவாக அல்லது குளம் சின்னது.

பிஸ்மத் கலவை அச்சைவிட்டு வர அடம்பிடிக்கும். மற்ற உலோகங்கள் உறையும்போது சுருங்கி அச்சிலிருந்து விலகும். பிஸ்மத் விரியும், வெள்ளீயத்தோடு கலந்தபின் ஏறக்குறைய சுருங்காமலே நிற்கும். கரி கொஞ்சம் கூடுதலாகக் காட்டுங்கள், சூடு முழுக்க ஆறுவதற்குமுன் திறந்துவிடுங்கள்.

ஜிக் ஹெட்

கொக்கியோடு சேர்த்து வார்த்த உலோகத் தலைதான் ஜிக் ஹெட். நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பவர்களுக்கு இதுதான் உண்மையான பயன். பொதுப் பயனீட்டுக் கழகம் அனுமதித்த இடங்களில் செயற்கை இரை மட்டுமே போடலாம். புழுவும் இறாலும் கூடாது. ரப்பர் மீன் மாட்டிய ஜிக் ஹெட்தான் அங்கே வழக்கமான கருவி. ஐந்து, ஏழு கிராம் என்ற சிறிய எடையில் வெள்ளீயத்தின் குறை குறையே அல்ல. மெதுவாக மூழ்குவதால் பீகாக் பாஸ் மீன் துரத்த நேரம் கிடைக்கும்.

அச்சில் எந்த எண் கொக்கி என்று குறித்திருக்கும், அதே வடிவம் வாங்க வேண்டும். தண்டின் வளைவு அரை மில்லிமீட்டர் மாறினாலும் அச்சு மூடாது. கொக்கியை அச்சில் வைத்து, மூடி, ஒரு நிமிடம் சூடேறவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். குளிர்ந்த கொக்கியைச் சுற்றி உலோகம் பிடிக்காமல், இழுத்தால் தலை சுழலும். கொக்கியின் காதுக்குள் உலோகம் போய்விட்டால் உடனே, சூடு இருக்கும்போதே, ஊசியால் குத்தி எடுங்கள். இந்த வேலைக்குப் பிஸ்மத் கலவை உதவாது. ரப்பரைப் பிடித்துவைக்கும் மெல்லிய கழுத்து இரண்டாவது வீச்சில் ஒடிந்துவிடும்.

உருண்டைக் குண்டில் நரம்பு போக ஓட்டை வேண்டுமானால் அச்சோடு வரும் எஃகு ஊசியைச் செருகி ஊற்றி, திறந்ததும் குறட்டால் திருகி இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் வராது. ஓட்டையின் இரு வாயையும் சற்றுப் பெரிய துளைக்கம்பியைக் கையால் சுழற்றி மழுக்கிவிடுங்கள், கூரான விளிம்பு நரம்பை அறுக்கும்.

செதுக்கலும் வண்ணமும்

ஊற்றுவாய்க் காம்பைப் பக்கவாட்டுக் கட்டரால் நறுக்கி, அரத்தால் இரண்டு இழுப்பு. வெள்ளீயம் அரத்தின் பல்லில் அடைத்துக்கொள்ளும். முதலில் சுண்ணக்கட்டியை அரத்தில் தேய்த்துக்கொண்டால் அடைக்காது. காம்பும் தூளும் அடுத்த உருக்கலுக்கு.

ஜிக் ஹெட்டுக்குப் பவுடர் வண்ணம் பூசுபவர்கள் அதை 175, 180 டிகிரியில் 20 நிமிடம் சுடுவார்கள். வெள்ளீயம் தாங்கும். பிஸ்மத் கலவை 138இல் உருகும் என்பதை மறந்து அடுப்பில் வைத்தால், கொக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும், தலை தட்டில் கிடக்கும். அதற்கு நகப்பூச்சு போதும். வண்ணம் சுடும் சின்ன அடுப்பு தனியாக இருக்க வேண்டும், ரொட்டி சுடும் அடுப்பு அல்ல.

சொந்த வடிவம் வேண்டுமானால்

கடை அச்சில் இல்லாத வடிவத்துக்குச் சிலிகோன் அச்சு செய்யலாம். சுமார் 290 டிகிரி தாங்கும் வகை என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும்; சாதாரணக் கைவினைச் சிலிகோன் புகைந்து கெட்டுப்போகும். களிமண்ணில் மாதிரியைப் பாதி புதைத்து, சுற்றி லீகோ கட்டையால் சுவர் கட்டி, களிமண்ணில் பென்சில் முனையால் நாலு குழி வையுங்கள். இரு பாதியும் பொருந்த அவைதான் பூட்டு. டப்பாவில் உள்ள விகிதப்படி எடைபோட்டுக் கலந்து, மூலையிலிருந்து நூலாக ஊற்றுங்கள். மறுநாள் களிமண்ணை எடுத்து, முகத்தில் வாசலின் தடவி (விட்டால் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும்) மறுபாதியை ஊற்றுங்கள். இறுகியபின் ஊற்றுவாயையும் முடியளவு காற்றுப் போக்கிகளையும் கத்தியால் வெட்டுங்கள்.

வார்ப்பதற்குமுன் டால்கம் பவுடர் தூவி ஊதிவிட்டால் உலோகம் மூலைவரை ஓடும். இரு பக்கமும் பலகைத்துண்டு வைத்து ரப்பர் வளையம் போடுங்கள், இறுக்கினால் வடிவம் நசுங்கும். சிலிகோன் வெப்பத்தை விடாது, குண்டு உறைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஐந்து குண்டுக்கு ஒருமுறை அச்சுக்கு ஓய்வு கொடுங்கள். சாந்து அச்சு மலிவுதான், ஆனால் நம் ஈரக் காற்றில் அதை முழுக்க உலர்த்துவது நடக்காத காரியம். காய்ந்ததுபோலத் தெரியும் சாந்துக்குள் இருக்கும் நீர் என்ன செய்யும் என்று மேலே சொல்லியாயிற்று.

அடுப்பை அணைத்தபின்

மிச்ச உலோகத்தைப் பாத்திரத்திலேயே உறையவிடலாம். ஆனால் மறுமுறை சூடாக்கும்போது அடி முதலில் உருகி விரிந்து, மேலே உறைந்த மூடியை உடைத்துக்கொண்டு பீறிடக்கூடும். எவர்சில்வர் கப்கேக் தட்டைச் சூடாக்கி, அதில் சின்ன வில்லைகளாக ஊற்றிவைப்பது நல்லது. ஒவ்வொரு வில்லையிலும் ஆணியால் குறியிடுங்கள்: வெள்ளீயத்துக்கு "வெ", பிஸ்மத் கலவைக்கு "பி". ஆறியபின் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கசட்டு டப்பாவை மூடி வையுங்கள், தொட்டியில் கழுவிவிடாதீர்கள். மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும். கையைச் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவியபின் சாப்பாடு. அச்சைச் சற்றே சூடு இருக்கும்போதே மூடி, சிலிகா பொட்டலத்தோடு காற்றுப்புகா டப்பாவில் போட்டு, குளிர்சாதனம் இல்லாத அறையில் வையுங்கள்.